நீல ஸ்வெட்டர், ஒன்று

“அழிக்க முடியாதுக்கா. அதுதானே இதோட பெருமையே!” என்றாள் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுக்க வந்த பெண்.

பொருள் அறையைக் கவனிக்கும் ஸ்டோர் அக்கா, தான் பதிந்ததைத் திரையில் இன்னொரு முறை படித்தாள்.

நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி கொடுக்கும் அறக்கட்டளை அது. கொடுத்த பொருள் எங்கே போனது என்று யாரும் விரல் நீட்டிவிடக் கூடாதே என்று, அன்று காலைதான் எல்லாக் கணக்கையும் பிளாக்செயின் என்ற இணையப் பதிவேட்டுக்கு மாற்றியிருந்தார்கள். கொடுக்கிறவர் பொருளைப் பதிய வேண்டும். வாங்குகிறவர் தன் கைபேசியில் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒருமுறை ஏறியது ஏறியதுதான்.

“சும்மா எதையாவது போட்டுப் பழகுங்க” என்று அந்தப் பெண் சொன்னதை நம்பி அக்காவும் போட்டாள். பழகுவதற்கென்று தனிப் பக்கம் இருந்தது அவளுக்குத் தெரியாது.

பொருள்: கையால் பின்னிய நீல ஸ்வெட்டர், ஒன்று.

பெறுபவர்: வேன் டிரைவர்.

காரணம்: விடியற்காலையில் நாற்காலி ஏற்ற வரும்போது இருமுகிறார். கேட்டால் எனக்குத் தாங்கவில்லை.

ஸ்வெட்டர் பொய்யில்லை. இரண்டு வருடமாக ஸ்டோர் அலமாரியின் அடித்தட்டில், உதிரிச் சக்கரங்களுக்குப் பின்னால் கிடக்கிறது. கொடுக்கத்தான் கை வரவில்லை. கல்யாணமே வேண்டாம் என்று சொந்தபந்தம் அத்தனையையும் வாயடைத்து ஐம்பதைத் தொட்டவள், மனைவியை இழந்த மனிதரிடம் போய் என்னவென்று சொல்லி நீட்டுவாள்?

நாற்காலியில் கீறல் விழுந்துவிடுமே என்று வண்டியைத் தள்ளாத குறையாக மெதுவாக ஓட்டிப் போகிற அந்த மனிதரை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஊர் உலகம் படிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் படித்துவிட்டு, நாளையிலிருந்து ஸ்டோர் பக்கமே வராமல் போய்விட்டால்?

வெளியே வேன் வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம் மட்டும் வரவேயில்லை.

திரையில் ‘காத்திருக்கிறது’ என்பது ‘பெறப்பட்டது’ என்று மாறியது.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொருள் கைக்கு வராமலே ஒப்புதலா? பன்னிரண்டு வருடத்தில் அவள் யாரையும் அப்படி விட்டதில்லை.

கீழே, பெறுபவர் குறிப்பு என்ற கட்டத்தில், எழுத்துகள் வந்து நின்றன.

‘அளவு சரியாக இருக்கிறது. போன குளிர்காலமே, நீங்கள் சாப்பிடப் போயிருந்தபோது போட்டுப் பார்த்தேன். நீங்களாகக் கொடுக்கட்டும் என்று மடித்து வைத்துவிட்டேன்.’