அச்சு அசல் வளையம்

யுனியெல் செய்த மூன்றாவது ரப்பர் வளையமும் ஒழுகியது. ஏன் என்று அவனுக்குப் புரியவே இல்லை.

சாந்தா கிளாரா நகரில் அவனுடைய அத்தை மிக்டாலியாவின் பிழைப்பே அந்த வளையம் மாட்டிய பழைய சோவியத் வாஷிங் மெஷின்தான். துவைக்க வந்த விடுதிகளின் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன.

"இன்னும் கொஞ்சம் ஒழுகினா தரையில மீன் வளர்க்கலாம்டா! நாளைக்கு விரிப்பு போகலைன்னா, எதிர்வீட்டு ஒடாலிஸ்கிட்ட துவைக்கக் குடுத்துடுவாங்க."

"அத்தே, டயர்க்கடை ரப்பரை அச்சுல அழுத்தி, என் அடுப்புலயே வேகவெச்சு எடுத்தேன். உங்க பழைய வளையத்துக்கும் இதுக்கும் மயிரிழைகூட வித்தியாசம் இல்ல, பாருங்க!"

அத்தை இரண்டையும் வாங்கி உற்றுப் பார்த்தாள்.

"அப்படியே இருக்கா?"

"அப்படியேதான்!"

"பழசு ஒழுகுதுன்னுதானேடா உன்கிட்ட குடுத்தேன்?"

யுனியெல் இரண்டு வளையங்களையும் திரும்ப வாங்கிப் பார்த்தான். இதுவரை பழைய வளையத்தின் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுத்திருக்கிறான்!

வீட்டுக்கு ஓடினான். பழைய வளையத்தில், மெஷினின் சுழலும் தண்டு உரசி உரசித் தேய்ந்துபோன உள்விளிம்பில் மெழுகைப் பூசினான். தண்டை இறுக்கிப் பிடிக்கும் அளவுக்குத் துளை சிறிதானதும், அதை வைத்துப் புது அச்சு எடுத்தான்.

நான்காவது வளையம் ஒழுகவில்லை.