தட்டை வயிறு

வந்ததும் வராததுமாகத் தராசம்மா வயிற்றைத்தான் பார்த்தார். “இன்னும் ஊதியிருக்கே! சீ, கண்ணால பார்க்கச் சகிக்கலை. வெட்கமா இல்லை?”

வரவேற்பு மேசையில் இருந்தவள் கைப்பையை மடிக்கு இழுத்து வயிற்றை மறைத்துக்கொண்டாள்.

“உன்னைச் சொல்லலை. அதைச் சொல்றேன்.” தராசம்மாவின் விரல் கண்ணாடித் தொட்டியைக் காட்டியது.

உள்ளே ஒரு கெளுத்தி மீன் கூழாங்கல் மேல் படுத்திருந்தது. படுத்திருந்தது என்பது சும்மா மரியாதைக்கு. வயிறு உருண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கெளுத்தி என்றால் அடிவயிறு இஸ்திரிப் பெட்டி மாதிரி தட்டையாகத் தரையில் ஒட்டியிருக்க வேண்டும் என்று மீன் கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லித்தான் விற்றார்.

தராசம்மா உடம்பு இளைக்க வைக்கும் நிலையம் நடத்துகிறவர். ஆளைப் பார்த்ததுமே மனசுக்குள் எடை போட்டுவிடுவார். அதனால் வந்த பட்டப்பெயர் அது. குண்டானவர்களைக் கண்டாலே அவருக்கு இளக்காரம். அவர்களால்தான் தன் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது வேறு விஷயம். அப்படிப்பட்ட இடத்தின் வாசலிலேயே இந்தப் பீப்பாய் கிடந்தால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?

“ரெண்டு நாளைக்கு ஒரு தீனி மாத்திரை. அதையும் ரெண்டு வாரமா என் அலமாரியில பூட்டி வச்சிருக்கேன். அப்புறம் எப்படிப் பெருக்குது? உன் டிபன் டப்பாவைக் கொட்டறியா?”

“சத்தியமா நான் ஒண்ணும் போடலை மேடம்.”

“அப்போ காத்தைக் குடிச்சுப் பெருத்துதா? போன வாரமே சொன்னேன், இன்னைக்குள்ள அது இளைக்கலைன்னா உனக்கு வேலை இல்லைன்னு.”

“ரெண்டு பிள்ளைங்க படிக்குது மேடம். இதை விட்டா எனக்கு வேற கதி இல்லை.”

“அதைத் தீனி போடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

தராசம்மா மேசை மேலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டார். அவரே தயாரித்த ‘இளைக்கும் பிஸ்கட்’. வருகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு. அதைத் தின்றுவிட்டுத்தான் எடை பார்க்க உள்ளே போக வேண்டும். சிலர் தொட்டியருகே நின்று மீன் பார்த்தபடியே முடித்துவிடுவார்கள். தராசம்மாவும் நாள் முழுக்க அதைத்தான் கொறிப்பார். அவருடைய வெள்ளைக் கோட்டின் நடுப் பொத்தான் ஆறு மாதமாகப் பூட்ட வரவில்லை. கோட்டைச் சுருக்கிவிட்டார் என்று சலவைக் கடைக்காரருக்கு அதற்காகத் தனியாகத் திட்டு.

“இதோ, இவங்களைப் பாரு!” என்று காத்திருந்த நாலு பேரில் ஒருத்தியைக் காட்டினார். எல்லோரும் அவளை ‘இருபத்திரண்டு கிலோ’ என்றுதான் கூப்பிடுவார்கள், குறைத்தது அவ்வளவு. சுவரில் அவள் படம்தான் பெரிசாகத் தொங்கியது. “என் பிஸ்கட்டாலேயே இப்படி ஆனாங்க. உனக்கு ஒரு மீனை இளைக்க வைக்கத் துப்பில்லை. கிளம்பு!”

இருபத்திரண்டு கிலோவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டாள். “பாவம், அவங்களை விட்டுடுங்க மேடம். மீனுக்குப் போட்டது நான்தான்.”

“எதை?”

“உங்க பிஸ்கட்டைத்தான். வாயில வைக்க முடியலை மேடம். வீட்டுக்குக் குடுக்கிற டப்பாவையும் இங்கேயே கொண்டாந்து கொட்டிடுவேன். நான் சோத்தைக் குறைச்சேன், நடையா நடந்தேன், அவ்வளவுதான்.”

தராசம்மாவின் முகம் சுண்டிவிட்டது. மற்ற மூவரையும் பார்த்தார். “நீங்களுமா?”

ஒருவர் கூரையைப் பார்த்தார். இன்னொருவர் மூடிய கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“எல்லாம் கூட்டுக் களவாணிகள்! என் பிஸ்கட்டைத் தின்னா எப்படிப் பெருக்கும்?” தராசம்மா வரவேற்பு மேசைப் பக்கம் பாய்ந்தார். “அதைத் தின்னு பெருத்த ஒரு ஆளைக் காட்டு பார்க்கலாம்!”

வேலைதான் போய்விட்டதே, இனி என்ன பயம்? அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த நடுப் பொத்தானையே பார்த்துச் சொன்னாள்:

“அதைத் திங்கிறதே ரெண்டு பேருதான் மேடம். ஒண்ணு இந்த மீன், இன்னொண்ணு நீங்க.”