கத்தியைப் பத்தி நாலு வார்த்தை

"அந்தப் பொறுக்கியைப் பத்திக் கேக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

சைக்கிள் கடைக்காரர் கையிலிருந்த பஞ்சர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டெறிந்தார்.

டிவி நிருபருக்கு உற்சாகம் தாங்கவில்லை. செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

'கத்தி' என்றால் இன்று தெரியாதவர் கிடையாது. ராப் பாடகன். 'என்னைக் கண்டா தெருவே நடுங்கும்டா' என்று அவன் ஆரம்பித்தால் அரங்கமே எழுந்து ஆடும். குளிர்பானம், ஷூ, ஷாம்பு, எந்த விளம்பரத்திலும் அவனுடைய முறைத்த முகம்தான்.

ஆனால் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. ஆள் சரியான அம்மா பிள்ளையாம். அடிதடி, ரவுடித்தனம் எல்லாம் வெறும் வேஷமாம். ஆடின ரசிகர்களே இப்போது திட்டிக்கொண்டிருந்தார்கள். புது ஆல்பத்தை வெளியிட இருந்த கம்பெனி, 'எதுக்கும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்' என்று நிறுத்தி வைத்துவிட்டது.

உண்மையைக் கண்டுபிடிக்கத்தான் நிருபர் அவன் வளர்ந்த தெருவுக்கே வந்துவிட்டாள்.

"நிஜமாவே முரட்டுப் பையனா இருந்தாரா? இல்ல, பாட்டு விக்கறதுக்காகச் சும்மா சொல்றாரா?"

"கேளுங்கம்மா. காத்தடிக்க வந்தவன் மாதிரி வருவான். அவன் போனப்புறம் பார்த்தா, கடையில ஒரு பெல் குறையும். ஏன்டான்னு கேட்டா முறைப்பான். கத்தின்னு சும்மாவா பேரு வச்சுக்கிட்டான்? அந்த வயசுலயே கத்திக் கத்தி எங்க உயிரை வாங்கினவன்!"

எதிர்க்கடைத் தையல்கார அக்கா, கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்போடு வந்து சேர்ந்தாள்.

"பெல்லோட போச்சேன்னு சந்தோஷப்படுங்கண்ணே. அவன் தெருமுனையில வர்றான்னாலே நான் ஷட்டரை இறக்கிடுவேன். பிள்ளைங்களை உள்ளே இழுத்துப் போட்டுத் தாழ்ப்பாள் போட்டுடுவேன்."

"இப்போ பெரிய ஆளாயிட்டாரே, உங்களையெல்லாம் வந்து பார்ப்பாரா?"

"எங்க?" என்று உதட்டைப் பிதுக்கினாள் அக்கா. "காசு வந்ததும் கண்ணு தெரியலை. இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கறதில்லை."

சத்தம் கேட்டு, மாடியில் குடியிருக்கும் ரிட்டயர்டு போலீஸ்காரரும் இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் மீசையைத் தடவிக்கொண்டார்.

"என் சர்வீஸ்ல நான் பார்க்காத ரவுடி இல்லம்மா. ஆனா இவனை மாதிரி ஒருத்தனைப் பார்த்ததில்லை. சட்டையைப் பிடிச்சு ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துட்டுப் போயிருக்கேன். வழி பூரா பாடிக்கிட்டே வந்தான். அவ்வளவு திமிர்!"

"சார், சார், இதை இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். இந்தத் தடவை அந்தத் திமிர் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.

அப்போதுதான், கையில் காய்கறிப் பையோடு, பேச்சைக் காதில் வாங்கியபடி ஒரு அம்மா வந்து நின்றாள்.

"யாரைப் பத்திப் பேசிட்டிருக்கீங்க?"

தையல்கார அக்காவின் முகம் மாறிவிட்டது. "நீங்க வீட்டுக்குப் போங்கக்கா. நான் அப்புறமா வந்து சொல்றேன்."

"நீங்க யாரும்மா?" நிருபர் விடவில்லை.

"அவனைப் பெத்தவ."

செல்போன் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது.

"என் பிள்ளையா ரவுடி?" அம்மா பதறிப் போனாள். "யாரையும் வாடா போடான்னுகூடக் கூப்பிடமாட்டானே! பல்லியைப் பார்த்தா கட்டில்மேல ஏறி நின்னுக்குவான். முறைக்கறதையே வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு பழகினான்மா. அதுவும் வரலைன்னு எங்கிட்ட வந்து அழுதான்!"

சைக்கிள் கடைக்காரர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

நிருபர் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு அந்த அம்மாவை நெருங்கினாள். பிறகு பரிவோடு தோளில் தட்டிக் கொடுத்தாள்.

"எல்லா அம்மாவும் இதைத்தாம்மா சொல்வாங்க. பெத்த மனசு இல்லையா?" என்றவள், மற்றவர்கள் பக்கம் திரும்பி, "ரொம்ப தேங்க்ஸ். ஆளு அசல் தெருப் பையன்தான்னு இன்னிக்கே போட்டுடறோம்" என்று கிளம்பினாள்.

கார் தெருமுனை திரும்பும்வரைதான் அம்மா பொறுத்தாள்.

"நல்லா இருக்கீங்களா எல்லாரும்? அவன் முன்னுக்கு வந்ததுல உங்களுக்கு இவ்வளவு வயித்தெரிச்சலா?"

அம்மா முதலில் சைக்கிள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஏன்ப்பா, நீ கை ஒடிஞ்சு கிடந்தப்போ உன் கடையைத் திறந்து வச்சுப் பஞ்சர் ஒட்டினவன் யாரு? ஏன்டி, போன மாசம் உன் மெஷினுக்கு மோட்டார் வாங்கி மாட்டிட்டுப் போனவன் யாரு? நீங்க சொல்லுங்கண்ணே, கண் ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருந்தீங்களே, தினமும் வந்து பேப்பர் படிச்சுக் காட்டினானே, அவன் எந்த ஊர் ரவுடி?"

"உங்க பிள்ளைதான்மா" என்றார் போலீஸ்காரர், தரையைப் பார்த்தபடி.

"அப்புறம் எதுக்கு இப்படிக் கரிச்சுக் கொட்டினீங்க?"

தையல்கார அக்கா அவள் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"உங்க பிள்ளை தங்கம்னு எங்களுக்குத் தெரியாதாக்கா? அது வெளியில தெரிஞ்சுட்டா, பாவம், அவன் பொழப்பு என்ன ஆகறது?"