ஊசி பேரிங்

அந்த அறுவடைக்குள் மிராசுதாரின் பிக்கப் வண்டி மூன்றாம் முறையாகப் பட்டறைக்கு வந்து நின்றபோது மெக்கானிக் மீரா உசேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்டில் அதே யுனிவர்சல் ஜாயின்ட்தான் மறுபடியும் போயிருந்தது.

"கிரீஸ் அடின்னா அடிக்கிறதில்ல. அப்புறம் என் வேலை சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்றது!"

"அடிச்சேன் பாய். காத்தாயி வயல்கிட்ட போனதும் லொடக்குன்னு நின்னுடுது," என்றான் டிரைவர் செல்லதுரை.

காத்தாயியைக் குத்தகையை விட்டு விரட்டிவிட்டு, அவள் நட்டதைப் போலீஸ் காவலோடு அறுக்க, அந்த வண்டியில்தான் மிராசுதார் வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறார்.

மீரா உசேன் ஜாயின்டைத் தட்டிக் கழற்றினார். அதன் முனையை மூடும் கிண்ணம் போன்ற கப்புக்குள், பேரிங்காக உருளச் சுற்றிவர நிற்க வேண்டிய எஃகு ஊசிகளில் ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் நெல்மணிகள் வரிசையாக நின்றன.

"நெல்லு ஏத்துற வண்டின்னா இதுக்குள்ளயுமாய்யா ஏத்துவீங்க?"

திட்டிக்கொண்டே நெல்லைத் தட்டிக் கொட்டினார். புது ஜாயின்டை எடுத்து, ஊசிகள் மறையும்படி சிவப்பு கிரீஸை அப்பி, மாட்டி அனுப்பினார்.

மதியம் செல்லதுரை நடந்தே திரும்பி வந்தான்.

"மறுபடியும் போச்சா? என் உயிரை வாங்கவே பொறந்தியாடா நீ?"

"வண்டி கிடக்கட்டும் பாய். அருவாள வச்சா கதிர்ல தீப்பொறி பறக்குது. ஆளுங்கல்லாம் வயல விட்டு வரப்புல ஏறிட்டாங்க." ஒரு கதிரை நீட்டினான்.

மீரா உசேன் எரிச்சலோடு அதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். உமி பிரிந்தது. உள்ளே அரிசி இல்லை. காலையில் அவர் அப்பிய சிவப்பு கிரீஸோடு எஃகு ஊசிகள் உருண்டன.