வீட்டுக்குப் பின்னால் ஒரு காடு

“உன் தம்பி மட்டும் என் புதர் வெட்டுற மெஷினைத் தூக்கிட்டுப் போகாம இருந்திருந்தா, நானே ஒரே நாள்ல வெட்டித் தள்ளியிருப்பேன்!” இரண்டு வருஷத்தில் நூறாவது தடவையாகச் சொன்னார் கணவர்.

“அவன் எடுக்கலைங்க. நீங்க திருடன்னு சொன்னதிலேர்ந்து அவன் நம்ம வாசப்படியே மிதிக்கல. நான் ஏற்பாடு பண்ணின ஆள் வந்தாச்சு, பேசாம வேலை நடக்க விடுங்க” என்றாள் மனைவி.

கொல்லையில் குட்டி டிராக்டர் மாதிரி ஒரு இயந்திரம், முள்ளையும் செடியையும் அரைத்துத் தூளாக்கிக்கொண்டே நகர்ந்தது. ஹெல்மெட்டும் முகமூடியுமாக அதை ஓட்டிய ஆள், வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை.

“வண்டியைப் பத்திரமா பூட்டி வைங்க. எனக்கு ஒரு மச்சினன் இருக்கான்!” என்று கத்தினார் கணவர். அந்த ஆள் தலையை மட்டும் ஆட்டினார்.

நடுப்புதரை நெருங்கியதும் இயந்திரம் நின்றது. அந்த ஆள் இறங்கிக் கொடிகளை விலக்கிக் காட்டினார்.

உள்ளே துருப்பிடித்துக் கிடந்தது, காணாமல்போன மெஷின். அதன் கைப்பிடியில் கணவரின் தொப்பி மாட்டியிருந்தது.

“டீ குடிச்சிட்டு வந்து மிச்சத்தை வெட்டலாம்னு... வெச்சிட்டு வந்தேன்...”

“ரெண்டு வருஷமாவா டீ குடிச்சீங்க?” என்று கேட்டுவிட்டு மனைவி விடுவிடுவென்று உள்ளே போனாள்.

கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கெஞ்சினார். “அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இதையும் சேர்த்து அரைச்சுடுங்க. என் மச்சினனுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்!”

அந்த ஆள் ஹெல்மெட்டையும் முகமூடியையும் கழற்றினார்.

“அரைச்சுடலாம் மாமா, முதல்ல ஒரு போட்டோ எடுத்துக்கறேன்” என்றான் மச்சினன்.