ஏரிப் படத்தில் வெள்ளைக் கோடுகள்

"எலி கடிச்சிருக்கும் மேடம்" என்றார் லுஹங்கா.

தவோங்காவுக்குச் சுர்ரென்றது. மலாவி ஏரியில் எந்த ஆழத்தில் எவ்வளவு சூடு என்று கருவி அனுப்பும் விவரங்களை வண்ணப் படமாக்குவது அவள் வேலை. மேலே சிவப்பு, கீழே நீலம். படம் அழகாகத்தான் வந்திருந்தது. நடுநடுவே மட்டும், கத்தியால் கிழித்த மாதிரி வெள்ளைக் கோடுகள். கருவி ஒன்றுமே அனுப்பாத நேரங்கள் அவை.

முதலில் தன் கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட்டாள். பிறகு கேபிளை. இரண்டிலும் பழுதில்லை என்றான பிறகுதான் கரைக்கு வந்து, கருவியின் காவலாளி லுஹங்காவைப் பிடித்திருந்தாள்.

"உங்க ஊர் எலி ராத்திரியில மட்டும்தான் கடிக்குமா? விடிஞ்சதும் அதுவே ஒயரை மாட்டிட்டுப் போயிடுமா?"

லுஹங்கா தலையைச் சொறிந்தார்.

அவள் தகரப் பெட்டியைத் திறந்தாள். கருவிக்கான பேட்டரியின் திருகுகள், கழற்றிக் கழற்றிப் பளபளவென்று இருந்தன.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடியோ கொட்டகை. வாசலில் இந்த வாரக் கால்பந்து ஆட்டங்களை எழுதிப் போட்டிருந்தார்கள். கரண்டே வராத ஊரில் டிவி மட்டும் எப்படி ஓடுகிறதாம்?

"பேட்டரியை அங்க வாடகைக்கு விடறீங்க. ஒரு மேட்ச்சுக்கு எவ்வளவு?"

"ஒரு குவாச்சா காசுகூடத் தொட்டதில்ல மேடம்."

"அப்போ சும்மா குடுக்கறீங்களா? பெரிய வள்ளல்தான்."

லுஹங்கா குனிந்து பெட்டியை மூடினார். தவோங்காவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"ஆபீசுக்கு எழுதப் போறேன். உங்க வேலை போயிடும்."

"எழுதிக்குங்க. புள்ளகுட்டிக்காரன், எப்படியோ பொழைச்சுக்கறேன். பெட்டிக்குப் பூட்டு மட்டும் போட்டுடாதீங்க மேடம்."

என்ன நெஞ்சழுத்தம். வேலை போனாலும் திருட்டு நிற்கக் கூடாதாமே. இன்றைக்கே பூட்டு வாங்கிப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவது என்று அவள் முடிவு செய்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மருத்துவ நிலையத்து நர்ஸ் எஸ்நாத் வந்தாள். தவோங்காவின் கையிலிருந்த படத்தை எட்டிப் பார்த்தாள். அடியில் இருந்த தேதிகளை விரலால் தடவியவளுக்கு முகம் வெளிறிப்போனது.

"யாரு மேடம் இதை உங்களுக்குக் குடுத்தது?"

"எஸ்நாத், நீ போம்மா" என்றார் லுஹங்கா அவசரமாக.

"இருங்கண்ணே. மேடம், நீங்க ஜில்லா ஆபீசா? லைட் இல்லாத இடத்துல பிரசவம் பாக்கறோம்னு எங்களை மூட வந்திருக்கீங்களா?"

"பிரசவமா? இது ஏரியோட படம்."

எஸ்நாத் நம்பவில்லை. இருக்கிறதிலேயே அகலமான வெள்ளைக் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"எந்த ஏரி மேடம்? இது ரெட்டைப் புள்ளைங்க. விடியிற வரைக்கும் இந்த அண்ணன் குடுத்த பேட்டரியிலதான் லைட் எரிஞ்சுது."