ஒரு சொட்டு வேர்வை

"நடுவுல எந்தக் காரணத்துக்கு நின்னாலும் அதோட சரி. அடுத்தவர் இடிச்சு நின்னா மட்டும், இடிச்சவர் வெளியே. இடிபட்டவருக்கு மறு ஓட்டம். விளங்குச்சா?"

சொல்லிவிட்டு நடுவர் விசில் ஊதினார். பதுளை மைதானத்தில் இரண்டு சக்கர நாற்காலிகள் புறப்பட்டன. மாகாண அணிக்கான தகுதிச் சோதனை. மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம்.

காலையிலேயே முடிந்திருக்க வேண்டியது. விளக்கேற்ற வந்த விருந்தினர் சாவகாசமாக வந்து, சாவகாசமாகப் பேசியும் முடித்தபோது உச்சி வெயில். அவருக்கென்ன, தலைக்கு மேல் பந்தல்.

முன்னால் போனவன் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துத் தயாபரன். மண்சரிவில் முதுகுத்தண்டு ஒடிந்தவன். பின்னால் பண்டாரவளை ஹபீஸ். லொறி விபத்தில் ஒரு காலை இழந்தவன். ஹபீஸின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"தோட்டத்து ஒடம்புன்னா சும்மாவா? தயாபரனுக்கு ஒரு சொட்டு வேர்வை இருக்கா பாருங்க" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

தயாபரனின் மனைவி சுபாஜினிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஹபீஸ் எட்டிப் பிடித்துப் பக்கத்தில் வந்தான். "போதும், நிப்பாட்டுங்க" என்று கத்தினான். தயாபரன் காதில் வாங்கவில்லை.

"தோத்துருவோம்னு பயம்" என்று கூட்டம் சிரித்தது.

கடைசிச் சுற்று. ஹபீஸ் நாற்காலியைத் திருப்பி, தயாபரனின் சக்கரத்தில் இடித்தான். இரண்டும் புல்லில் போய் நின்றன.

கூட்டம் கொதித்தது. நடுவர் ஹபீஸை அங்கேயே நீக்கினார். அவன் நாற்காலியை வாசல் பக்கம் உருட்டினான்.

பந்தலிலிருந்து ஓடி வந்து தயாபரனின் கழுத்தைத் தொட்ட டொக்டர் முஹ்ஸினா பதறினார். "நெருப்பாச் சுடுது. தண்ணி ஊத்துங்க."

"அவருக்கு வேர்க்கக்கூட இல்லையே டொக்டர்" என்றாள் சுபாஜினி.

"அதுதாம்மா ஆபத்து. இவருக்கு மாதிரி கழுத்துக்குக் கிட்ட முதுகுத்தண்டு ஒடிஞ்சா, ஒடம்பு வேர்க்காது. சூடு உள்ளயே தங்கிரும். நல்ல காலம், இடிபட்டு நின்னாரு. இல்லாட்டி உசிருக்கே மோசமாப் போயிருக்கும்."

சூடு இறங்கி, தயாபரன் கண்ணைத் திறந்து சிரித்த பிறகுதான் சுபாஜினிக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது. நல்லது நடந்தது தற்செயல். அதற்காக இடித்தது நியாயமாகுமா?

வாசலில் த்ரீவீலருக்குக் காத்திருந்த ஹபீஸின் முன்னால் போய் நின்றாள்.

"ஜெயிக்கிறதுக்காக ஒரு மனுசன இப்பிடியா இடிப்பீங்க?"

"சூடு எறங்கிருச்சா தங்கச்சி?"

சுபாஜினி திகைத்தாள். "ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஆஸ்பத்திரியில எனக்குப் பக்கத்துக் கட்டில்ல முதுகு ஒடிஞ்ச ஒருத்தர் இருந்தார். வேர்க்காத ஒடம்பு படுற பாட்டப் பாத்திருக்கேன்."

"அப்ப நடுவர்கிட்ட சொல்லியிருக்கலாமே. எதுக்கு இடிச்சீங்க?"

"சொல்லியிருந்தா அவர நிப்பாட்டி, அதோட சரின்னு அனுப்பியிருப்பாங்க. இப்ப அவருக்கு மறு ஓட்டம் இருக்கே" என்றான் ஹபீஸ். "அதையாவது காலையில வெள்ளனா வைக்கச் சொல்லுங்க தங்கச்சி."